அச்சுப் புத்தகமா, வாசிப்புக் கருவியா? கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடைகளிலும், நூல் வெளியீடு முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலும், பினாங்கு லிட்டில் இந்தியாவில் புத்தகம் புரட்டுகிறவர்களிடமும் மின்நூல் வாசிப்புக் கருவி பற்றித் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். விலை வரும் இடங்களில் கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விலை மாறிக்கொண்டே இருக்கும்.

"இது டேப்லட் மாதிரிதானே? கைப்பேசி இருக்கும்போது இன்னொன்னு எதுக்கு?"

வித்தியாசம் திரையில் இருக்கிறது. கைப்பேசித் திரை பின்னாலிருந்து ஒளியைக் கண்ணை நோக்கி அனுப்புகிறது. வாசிப்புக் கருவியில் இருப்பது இ-இங்க் திரை. அதில் மயிரிழை அகலமே உள்ள குமிழ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்னூட்டத்தை மாற்றினால் கறுப்பு மேலே வரும், அல்லது வெள்ளை வரும். பக்கம் ஒரு முறை அமைந்துவிட்டால் அதை நிறுத்தி வைக்க மின்சாரமே வேண்டியதில்லை. ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வருவது அதனால்தான். பாடாங் கோத்தா கடற்கரையில் உச்சி வெயிலில் உட்கார்ந்தாலும் எழுத்து அச்சுத்தாளில் தெரிவதுபோலத் தெரியும். இரவுக்கு, விளிம்பிலிருந்து திரையின் மேல் படரும் விளக்கு இருக்கிறது.

குறைகளும் அதே திரையிலிருந்துதான் வருகின்றன. பக்கம் மாறும்போது ஒரு சிமிட்டல் உண்டு. முந்தைய பக்கத்தின் நிழல் சில சமயம் லேசாக ஒட்டி நிற்கும். சில பக்கங்களுக்கு ஒரு முறை திரை முழுதாகக் கறுத்து வெளுத்து அதைத் துடைக்கும். பழுது என்று நினைத்துக் கடைக்குத் திரும்பிப் போகாதீர்கள், அது இயல்பு.

காசு போடும் முன் செலவில்லாத சோதனை ஒன்று: ஒரு தமிழ் இபப் (epub என்ற மின்நூல் வடிவம்) கோப்பைக் கைப்பேசியில் கூகுள் பிளே புக்ஸில் ஏற்றி, இரண்டு வாரம் தினமும் அரைமணி நேரம் படியுங்கள். புத்தகம் பிடித்துப்போய்த் திரை மட்டும் உறுத்தினால் உங்களுக்குக் கருவி வேண்டும். புத்தகத்தையே பத்தாம் பக்கத்தில் விட்டுவிட்டீர்கள் என்றால் கருவி வாங்கியும் அதேதான் நடக்கும்.

"தமிழ் எழுத்து ஒழுங்கா வருமா? கொம்பெல்லாம் பிச்சிக்கிட்டு நிக்குதுன்னு சொல்றாங்களே?"

அவர்கள் சொல்வது பொய்யில்லை. யூனிகோடில் 'கெ' என்ற எழுத்து முதலில் க, அதன் பின் எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது மென்பொருள் அந்தக் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இரு பக்கமும் நிறுத்த வேண்டும். இது தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். தமிழ் எழுத்துருவே இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான்.

அமேசான் 2016 நவம்பர் இறுதியில் தமிழ் மின்நூல்களைத் தன் வாசிப்புக் கருவியான கிண்டிலில் கொண்டுவந்தது. அதன் கடையில் வாங்கும் தமிழ் நூல்களில் இந்தத் தொல்லை வராது. நீங்களாக ஏற்றும் கோப்பில்தான் வரும். கோப்பின் மொழி 'ஆங்கிலம்' என்று பதிவாகியிருப்பது வழக்கமான காரணம். கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருளில் நூலைத் திறந்து, விவரப் பகுதியில் மொழியைத் 'தமிழ்' என்று மாற்றிச் சேமித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

கோபோ என்ற இன்னொரு வாசிப்புக் கருவியில் காரணம் வேறு. அது சாதாரண இபப் கோப்பை ஒரு மென்பொருளாலும், தனக்கே உரிய கெபப் கோப்பை இன்னொரு மென்பொருளாலும் திறக்கிறது. கொம்பு சிதறுவது பெரும்பாலும் முதல் வகையில். காலிபரில் கோப்பைக் கெபப்பாக மாற்றி ஏற்றினால் அநேகமாகச் சரியாகிவிடும். அதோடு கருவியை யூஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்து, மேல்மட்டத்தில் 'ஃபாண்ட்ஸ்' (fonts) என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒரு கோப்புறை உருவாக்கி, அதில் நோட்டோ செரிஃப் டமில் எழுத்துருவைப் போடுங்கள். கிண்டிலிலும் அதே பெயரில் கோப்புறை உண்டு.

வாங்கும்போது சோதிக்க ஒரு வரி: "கொய்யா, கோழி, கௌதாரி, கைப்பை, ஸ்ரீ". இந்த ஐந்தும் பிழையில்லாமல் வந்தால் மற்றவை தானே வரும். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை 1985இலேயே உருவாக்கிய முத்து நெடுமாறன் பிறந்த நாடு இது. கட்டம் கட்டமாகத் தெரியும் தமிழைச் சகித்துக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

"எனக்கு வேண்டிய தமிழ்ப் புத்தகம் எல்லாம் அதுல கிடைக்குமா?"

வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். ஆனால் பலர் திரை அளவையும் விலையையும் பார்த்துவிட்டு, இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். ஒரு தாளை எடுத்து, அடுத்து நீங்கள் படிக்க நினைக்கும் பத்து நூல்களின் பெயரை எழுதுங்கள். பொதுவாக எழுதாமல், பெயர் பெயராக. பிறகு ஒவ்வொன்றும் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று தேடிப் பக்கத்தில் குறியுங்கள்.

தேடும்போது பட்டியல் தானாகவே பிரியும். பழந்தமிழ் இலக்கியம், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் ஆகியவை இலவச மின்நூலாகவே கிடைக்கும். தமிழ்நாட்டின் இன்றைய நாவல், சிறுகதை, கட்டுரை நூல்களில் கணிசமானவை கிண்டிலில் உண்டு. பதிப்பகத்தைப் பொறுத்து இருக்கும், இருக்காது. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' இணையத்தளம் இருக்கிறது, பெரும்பாலும் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களாக. நம் மலேசிய நூல்களின் கதை வேறு. எழுத்தாளரே செலவு செய்து சில நூறு படிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்று, மிச்சத்தைக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் போகிறார். மின்பதிப்பு வருவது அபூர்வம், மறுபதிப்பு அதைவிட அபூர்வம். வல்லினம் போன்ற இணைய இதழ்களில் மலேசியக் கதைகளும் கட்டுரைகளும் படிக்கலாம். நூலாக வந்தவற்றுக்கு அச்சுப்படிதான் வழி.

பத்தில் ஆறேழு மலேசிய நூல்கள் என்றால் கருவியை இப்போது வாங்காதீர்கள். அந்தக் காசில் நூல்களையே வாங்குங்கள், அதுவும் வெளியான மாதத்திலேயே. பத்தில் ஆறேழு மின்நூலாக இருந்தால் வாங்கலாம். இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: இங்கே தமிழ் படிக்கிறவர்களில் நிறையப் பேர் ஆங்கிலமும் மலாயும் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் மின்நூல் கிடைக்காமல் போவது குறைவு. சிலருக்குக் கருவியின் விலையைத் திருப்பிக் கொடுப்பது ஆங்கில நாவல்கள்தான், தமிழ் அதில் கூடுதல் லாபம்.

"மலேசியப் புத்தகம் ஒன்னு எந்தக் கடையிலயும் இல்ல. மின்நூலும் இல்ல. அப்போ என்னதான் செய்றது?"

கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தைக் கேளுங்கள். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகளைப் பதிப்பாளர் அங்கே ஒப்படைக்க வேண்டும். தமிழுக்கும் அதே விதி. பட்டியலில் தலைப்பு மலாய் எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கும். ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேட வேண்டியிருக்கும். ஆசிரியர் பெயரில் தேடுவது எளிது.

"இலவசமா, சட்டப்படி எங்கெங்க எடுக்கலாம்?"

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தவை அங்கே இருக்கின்றன. ஃப்ரீ டமில் இ-புக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே பகிர அனுமதித்த நூல்கள் உண்டு; இபப் தவிர, ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தமிழ் விக்கிமூலம் இரண்டும் பெரியவை.

கோப்பு வகையைப் பார்த்துப் பதிவிறக்குங்கள். இபப் இருந்தால் அதையே எடுங்கள். வருடிய பிடிஎஃப் என்றால் அதன் சிக்கல் தனி, கீழே விரிவாக இருக்கிறது.

"பதிவிறக்கின கோப்பைத் திறந்தா ஒரே குப்பையா கிறுக்கலா இருக்கு. கருவி பழுதா?"

கருவியில் பழுதில்லை, கோப்பு பழைய குறியீட்டில் இருக்கிறது. யூனிகோடு பரவும் முன் தமிழ் உரைகளை டிஸ்கி, டாப், டாம் என்று வெவ்வேறு குறியீடுகளில் சேமித்தார்கள். அந்தந்த எழுத்துரு இல்லாமல் அவை கிறுக்கலாகத்தான் தெரியும். இணையத்தில் இலவசக் குறியீட்டு மாற்றிகள் உள்ளன. உரையை நகலெடுத்து ஒட்டி, 'டிஸ்கியிலிருந்து யூனிகோடு' என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு பக்கமாவது படித்துப் பாருங்கள்; ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறிக் கிடந்தால் வேறு குறியீட்டைத் தேர்ந்து மறுபடி மாற்ற வேண்டும்.

"கிண்டிலா, கோபோவா, பூக்ஸா?"

புதிய தமிழ்நாட்டு நூல்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவருக்குக் கிண்டில். தமிழ் நூல்களின் கடை அங்கேதான் பெரியது. அமேசானுக்கு மலேசியாவில் கடை கிடையாது. இங்கே ஷாப்பியிலும் லஸாடாவிலும் விற்பவர்கள் இறக்குமதி செய்கிறவர்கள், உத்தரவாதமும் அவர்கள் கொடுப்பதுதான். ஓராண்டா, மூன்று மாதமா, திரை உடைந்தால் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பூட்டுத்திரையில் விளம்பரம் வரும் வகை, வராத வகை இரண்டும் சந்தையில் இருக்கின்றன. மலிவாகத் தெரிவது பெரும்பாலும் முதல் வகை.

இலவச இபப் கோப்புகளைக் கணினியிலிருந்து ஏற்றிப் படிப்பவருக்குக் கோபோ வசதி. இபப்பை நேரடியாகவே ஏற்கும். கிண்டிலுக்கு அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' வழியே அனுப்ப வேண்டும். இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரை, மின்னஞ்சலில் 50 எம்பி வரை. 2024இல் வந்த கோபோ கிளாரா, லிப்ரா கருவிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். மின்கலம் தளர்ந்ததும் கருவியையே வீச வேண்டியதில்லை என்பதால் இது சின்ன விஷயமல்ல.

ஓனிக்ஸ் பூக்ஸ் ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. கிண்டில் செயலி, பிளே புக்ஸ், நூலகச் செயலி எல்லாம் ஒரே கருவியில் கிடைக்கும். மின்கலம் மற்ற இரண்டின் அளவுக்கு நீடிக்காது, அமைப்புகளும் அதிகம். கணினியில் தடுமாறாதவருக்கு மட்டும் பரிந்துரைப்போம். வண்ணத் திரை வேண்டுமா என்றால், கதை படிக்க வேண்டாம்: இன்றைய வண்ண இ-இங்க் கறுப்பெழுத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் காட்டினாலும் வண்ணத்தை 150இல்தான் காட்டும், திரையும் சற்று மங்கலாக இருக்கும்.

"எத்தனை புத்தகம் படிச்சா போட்ட காசு வரும்?"

உதாரணமாகக் கருவி 700 ரிங்கிட், கெட்டி உறை 60, ஆக 760. நீங்கள் வாங்கும் அச்சு நூல் சராசரி 35 ரிங்கிட், அதே நூல் மின்வடிவில் வரியோடு 13 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நூலுக்கு மிச்சம் 22. 760ஐ 22ஆல் வகுத்தால் 35 நூல்கள். மாதம் ஒன்று படிப்பவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு, இரண்டு படிப்பவருக்கு ஒன்றரை ஆண்டு. படிப்பதெல்லாம் இலவச நூல் என்றால் 22 நூல்களிலேயே கணக்கு நேராகிவிடும்.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பவை இரண்டு. அச்சு நூலை வீட்டில் மூன்று பேர் படித்தால் 35 ரிங்கிட் ஆளுக்குப் பதினொன்று சொச்சமாகிவிடும். அடுத்தது, மின்நூல் மலிவாக இருக்கிறதே என்று படிக்காத நூல்களை வாங்கிக் குவிப்பது. மிச்சம் பிடிப்பதற்காக வாங்கிய கருவி செலவு வைக்கத் தொடங்கும்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வரும் உறவினர் இருந்தால், இந்திய விலையிலேயே நூல் வீடு வந்து சேரும். ஆனால் முந்நூறு பக்க நூல் ஒன்று 350 முதல் 400 கிராம் இருக்கும். இருபது நூல் என்றால் ஏழெட்டுக் கிலோ. கேட்கும் முன் அவருடைய பெட்டி எடையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"வரி எவ்வளவு? வருமான வரியில கழிக்க முடியுமா?"

வெளிநாட்டு நிறுவனங்களின் மின்னியல் சேவைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு சேவை வரி. மின்நூலும் அதில் அடங்கும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு. டாலரில் கட்டும்போது வங்கியும் தன் பங்குக்கு ஒரு சிறு கட்டணம் எடுக்கும்.

வருமான வரிப் படிவத்தில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட் வரை உண்டு. அதில் அச்சு நூலும் சேரும், மின்நூலும் சேரும், சந்தா கட்டும் நாளிதழும் சேரும். ரசீதுகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். மின்நூல் ரசீது மின்னஞ்சலில்தான் வரும் என்பதால் தனிக் கோப்புறையில் சேமித்துவிடுங்கள். ஆண்டு முடிவில் தேடினால் கிடைக்காது.

"பிடிஎஃப் போட்டா எழுத்து எறும்பு மாதிரி தெரியுது. என்ன செய்யலாம்?"

ஆறு அங்குலத் திரை ஏறக்குறைய 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். வழக்கமான தமிழ் நூலின் பக்கம் 14க்கு 21.5 செ.மீ. அந்தப் பக்கத்தைத் திரைக்குள் அடக்கினால் எல்லாம் 57 விழுக்காடாகச் சுருங்கும். 11 புள்ளி எழுத்து 6 புள்ளியாகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளின் எழுத்தளவு அது. இபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்துகொள்ளும். வருடிய பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். பெரிதாக்கினால் ஓரம் வெட்டுப்படும்.

செய்யக்கூடியவை: முதலில் ஓர வெள்ளையை வெட்டுங்கள், அதிலேயே எழுத்து கண்ணுக்குத் தெரியும் அளவு வளரும். கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அரைப்பக்கம் பெரிதாகத் தெரியும். கேஓரீடர் என்ற இலவச மென்பொருளைக் கோபோவிலும் பூக்ஸிலும் போடலாம். அது படமாக உள்ள சொற்களையே வெட்டி அடுக்கி மறுவரிசை செய்யும். உங்கள் பத்து நூல் பட்டியலில் பாதிக்கு மேல் வருடிய பக்கங்கள் என்றால் 10.3 அங்குலக் கருவிதான் ஏற்றது. அதன் திரை ஏறக்குறைய 15.7க்கு 21 செ.மீ., தமிழ் நூல் அச்சளவிலேயே உட்காரும். விலை சிறிய கருவியைப்போல இரண்டு மூன்று மடங்கு.

"அம்மாவுக்கு எழுபது வயசு, சின்ன எழுத்து தெரியல. வாங்கிக் கொடுக்கலாமா?"

தாராளமாக. கருவி யாருக்காவது சந்தேகமில்லாமல் பயன்படும் என்றால் அது இவர்களுக்குத்தான். எழுத்தளவைக் கூட்டியபின் வரியை இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக வரும்படி அமைத்துக் கொடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு பக்கமும் சீராக வைத்தால், 'சென்றுகொண்டிருந்தவர்களுக்கு' போன்ற சொல் அடுத்த வரிக்கு இறங்கி, மேல் வரியில் இரண்டே சொல்லும் நடுவில் பெரிய ஓட்டையுமாக நிற்கும். ஆறு அங்குலம் வேண்டாம், ஏழு அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். பக்கம் திருப்பப் பொத்தான் உள்ள கருவி இன்னும் நல்லது. வயதானவர்களின் உலர்ந்த விரலைத் தொடுதிரை சில சமயம் கண்டுகொள்ளாது.

கருவியின் மெனு தமிழில் இருக்காது. நூல்களை நீங்களே ஏற்றி, வைஃபையை அணைத்து, இரண்டு செயல்களை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: திறப்பது, திருப்புவது. மிச்சமெல்லாம் மெல்லத் தானே வரும்.

"பிள்ளை தமிழ்ப்பள்ளியில படிக்குது. அண்ணனுக்கு எஸ்பிஎம் இலக்கியம். ரெண்டு பேருக்கும் ஒன்னு வாங்கலாமா?"

சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். படம், வண்ணம், பக்கத்தை விரலால் தள்ளிப் பின்னால் போய்ப் பார்ப்பது, எல்லாமே காகிதத்தில்தான் சுகம். எஸ்பிஎம் மாணவருக்குப் பாடநூல் அச்சில் இருக்கட்டும். ஆசிரியர் "நாற்பத்திரண்டாம் பக்கம்" என்பார். எழுத்தளவை மாற்றிய கருவியில் அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கும். அடிக்கோடு, ஓரக்குறிப்பு, ஒட்டுத்தாள் ஆகியவற்றை வைத்துத்தான் பரீட்சைக்கு முந்தைய இரவு திருப்பிப் பார்ப்பார்கள். துணைவாசிப்புக்குக் கருவி சரி.

சொல்லை அழுத்தினால் பொருள் காட்டும் வசதியைத் தமிழில் எதிர்பார்க்காதீர்கள். தமிழ் அகராதியைத் தனியாக ஏற்றினாலும் 'வந்தவர்களுக்கு' என்று தொட்டால் 'வா'வைக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியாது. தமிழ் வேர்ச்சொல்லோடு விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும் மொழி.

"நம்ம ஊர் ஈரத்துக்கு எது தாங்கும்?"

இரண்டுக்கும் எதிரி அதுதான். காகிதத்தில் பூஞ்சணம், ராமபாணப் பூச்சி, கரையான். மர அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி வையுங்கள், நூல்களை நெருக்கி அடுக்காதீர்கள், அடுக்குக்கு இரண்டு சிலிக்கா பொட்டலம். பூச்சி ஏறிய நூலைக் காற்றுப்புகாத பையில் இறுக மூடி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுதும் பையைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொண்டு முன்பைவிட மோசமாகும்.

கருவியைக் கெடுப்பது ஈரத்தைவிட அழுத்தம். இ-இங்க் அடுக்குக்குக் கீழே மெல்லிய கண்ணாடி இருக்கிறது. எல்ஆர்டி நெரிசலில், முதுகுப்பையில் தண்ணீர்ப் புட்டியோடு ஒட்டிக்கிடந்து அது விரிசல் விட்டால் மேலே கீறல்கூட இருக்காது, திரையில் மட்டும் கோடுகள் நிற்கும். உத்தரவாதம் இதற்குக் கிடையாது. திரை மாற்றும் செலவு புதுக் கருவி விலையை நெருங்கும். மேலே கணக்கில் கெட்டி உறைக்கு 60 ரிங்கிட் சேர்த்தது அதனால்தான். ஐபிஎக்ஸ்8 என்று குறித்த கருவி இரண்டு மீட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் தாங்கும். கடல்நீரும் தேத்தாரிக்கும் அந்தக் கணக்கில் இல்லை. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜோடு வையுங்கள். காலியாக வைத்த மின்கலம் மறுபடி எழாமலே போகலாம்.

"நூலகத்து மின்நூலை கிண்டில்ல இரவல் எடுக்கலாமா?"

நூலக மின்நூல்களை இரவல் எடுக்க உதவும் லிப்பி செயலி வழியே கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும். இங்கே ஊ-புஸ்தாகா என்ற இணைய நூலகச் சேவை, கிரீன் லேனில் 2016இல் திறந்த பினாங்கு மின்னியல் நூலகம் போன்றவற்றில் உறுப்பினராகும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: தமிழ் மின்நூல் இருக்கிறதா? எந்தச் செயலியில் திறக்கும்? தனிச் செயலி என்றால் கைப்பேசி, டேப்லட், பூக்ஸ் ஆகியவற்றில்தான் வரும்.

"காசு கொடுத்து வாங்கினா அது என்னோட புத்தகம்தானே?"

அச்சு நூலைப்போல இல்லை. நீங்கள் பெறுவது படிக்கும் உரிமம். 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கல் இருந்த இரண்டு ஆங்கில நாவல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் போயின, அங்கும் பணம் திரும்பி வந்தது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பியில் ஏற்றும் வழியை அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்திவிட்டது.

தங்கைக்குக் கொடுப்பதென்றால், ஒரே கணக்கில் இரண்டு கருவிகளைப் பதிந்து இருவரும் படிக்கலாம். சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைக்கு விற்பதோ, பேரப்பிள்ளைக்கு விட்டுப்போவதோ நடக்காது. ஒரு முறை படித்து மறக்கும் நூலை மின்வடிவில் வாங்குங்கள். திரும்பத் திரும்ப எடுக்கும் நூலுக்கு அச்சுப்படி.

"பழசு வாங்கலாமா? பாதி விலைக்குத் தர்றாங்க."

வாங்கலாம், நேரில் பார்த்து. விற்பவரின் கணக்கிலிருந்து கருவியை அவரையே விடுவிக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் அங்கேயே பதியுங்கள். பதியாவிட்டால் பேச்சை முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள், அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். முழு வெள்ளைப் பக்கத்தில் கோடு இருக்கிறதா பாருங்கள். விளக்கை முழுதாக வைத்துக் கைகளால் மறைத்து, திட்டுத் திட்டாகத் தெரிகிறதா பாருங்கள். விளக்கோடு ஐம்பது பக்கம் புரட்டுங்கள்: சார்ஜ் ஒன்றிரண்டு விழுக்காடு குறையலாம், பத்து குறைந்தால் மின்கலம் கிழடு.

"டெலிகிராம்ல எல்லா நாவலும் சும்மா வருதே?"

வருகிறது, எழுத்தாளருக்கு ஒரு காசும் போகாமல். சில நூறு படி விற்கும் மொழியில் ஐம்பது பேர் திருட்டுப்படி படித்தால் அடுத்த நூல் வராது. பதிப்புரிமை முடிந்ததா என்று பார்க்கும்போது நாடும் முக்கியம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60. 1970இல் இறந்தவரின் நூல் இங்கே 2020 முடிவோடு பொதுவுடைமை, இந்தியாவில் 2030 முடியும்வரை இல்லை, அரசு நாட்டுடைமையாக்கியிருந்தால் தவிர.

"தாத்தாவோட பழைய மலேசிய நூல்கள் வீட்டுல இருக்கு. நானே வருடி கருவியில போடலாமா?"

உங்கள் சொந்த வாசிப்புக்காகச் செய்யலாம். பிறருக்குப் பரப்புவதென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். முதுகு பலவீனமான நூலை 180 பாகைக்கு விரிக்காதீர்கள், பசை விட்டுப்போகும். பாதியாகத் திறந்து, ஒரு பக்கத்தை மட்டும் மேலிருந்து கைப்பேசியில் படமெடுங்கள். வருடி (ஸ்கேனர்) இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி, சாம்பல் நிறம். படத்தை எழுத்தாக்க டெஸெராக்ட் மென்பொருளில் தமிழ் உண்டு. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி ஆவணமாகத் திறந்தாலும் எழுத்தாக்கிவிடும்.

பிழை விழும் இடங்களைத் தெரிந்துகொண்டு தேடினால் திருத்துவது பாதி வேலை. 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோல இருப்பதால் 'மரம்' 'மாம்' ஆகும். 'ண', 'ன' மாறும். மங்கிய தாளில் மெய்ப்புள்ளி காணாமல் போகும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய அச்சில் 'லை', 'னை' ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவோடு இருக்கும், 'றா', 'னா' ஒரே சுழியாக இருக்கும். அவற்றை மென்பொருள் தடுமாறியே படிக்கும், கையால் திருத்துவதே வழி.

திருத்திய உரையைக் காலிபரில் இபப்பாக்கும்போது முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு, அச்சகம், ஊர் நான்கையும் அசல் நூலில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள், அட்டைப் படத்தையும் சேர்த்துவிடுங்கள். இன்னொருவர் அந்த அச்சுப்படியைத் தேசிய நூலகத்தில் தேடப் போகும்போது அந்த நான்கும்தான் அவருக்குத் துப்பு.